அக்கரைப் பாட்டில் புரையேறிய இடம்

காசிராஜனும் அவன் மனைவி பொன்னுத்தங்கமும் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிக்கு வெள்ளி விழா வந்தது. தீபாவளி சீசன் முடிந்து, அடுத்த வருஷத்து ஆர்டர் இன்னும் சூடு பிடிக்காத தை மாதம். திருத்தங்கலுக்கு வெளியே இருந்த பொட்டலில் பந்தல் போட்டு மூன்று நாள் இசை விழா நடத்தப் போவதாக முதலாளி அறிவித்தார். அந்தக் காசுக்கு ஆளுக்கொரு குக்கர் கொடுத்திருக்கலாம் என்று பல பேர் முணுமுணுத்தார்கள். பொன்னுத்தங்கம் முணுமுணுக்கவில்லை. பாட்டு என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம். ஆனால் வெடிமருந்து இருக்கிற இடம் என்பதால் கம்பெனி ஷெட்டுக்குள் ரேடியோ கூடாது, செல்போன் கூடாது, இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால்கூட ஃபோர்மேன் வந்து எட்டிப் பார்ப்பார். பகல் முழுக்கப் பேப்பர் குழாய் சுற்றும் கைகளின் சத்தத்தைத் தவிர வேறு எதையும் கேட்காதவள் அவள்.

காசிராஜன் ராக்கெட்டுக்குக் குச்சி கட்டுகிறவன். நல்ல மனுஷன். பேச்சுத்தான் கிடையாது. கூப்பிட்டால் ‘ம்’ என்று சொல்வதற்கும் கொஞ்சம் யோசித்துக்கொள்வான். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கச்சேரிக்குப் போனது கிடையாது. முதல் நாள் நாதஸ்வரத்துக்கும் இரண்டாம் நாள் கிராமியப் பாட்டுக்கும் அவள் தனியாகத்தான் போய் வந்தாள். மூன்றாம் நாள் கிருபாவதி பாட வருகிறாள் என்றதும் கணவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போனாள்.

கிருபாவதி திருநெல்வேலிப் பக்கத்துப் பாடகி. சினிமாவில் பாடியதில்லை; ஆனால் தெற்கே கோயில் கொடை விழாக்களில் அவள் குரல் கேட்காத ஊர் கிடையாது. அவளுடைய ‘அக்கரைப் பாட்டு’ என்றால் கூட்டம் அப்படியே உட்கார்ந்துவிடும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒருத்தி அந்தப் பக்கம் இருக்கிற புருஷனைக் கூப்பிடுகிற பாட்டு அது. கூப்பிடக் கூப்பிடக் குரல் மேலே ஏறும். உச்சியில் போய் நின்றதும் பாட்டு சட்டென்று நிற்கும். மேளம், கீபோர்டு எல்லாம் நின்றுபோகும். பதில் வருகிறதா என்று அவள் காதைக் கொடுத்துக் கேட்கிறாள். பதில் வராது. அதற்குப் பிறகு முதல் வரியைத் தாழ்ந்த குரலில், தனக்குத்தானே சொல்கிற மாதிரி அவள் மறுபடியும் எடுப்பாள்.

பக்கத்து வீட்டுச் சங்கிலிமுத்து விழாவில் தொண்டனாக இருந்தான். சட்டையில் ரிப்பன் வைத்த பேட்ஜும் கழுத்தில் விசிலும் கொடுத்திருந்தார்கள். அவன் இவர்கள் இருவரையும் நாற்காலி வரிசைக்கு அடுத்தாற்போல் ஜமுக்காளத்தில் உட்கார வைத்தான். வீடியோ கேமராவும் அங்கனதான் நின்றது. காசிராஜன் கையில் சாத்தூர் காராச்சேவு பொட்டலம் இருந்தது.

கிருபாவதி பாடினாள். கூப்பிட்டாள். குரல் ஏறியது. நின்றது. அத்தனை பேர் உட்கார்ந்திருந்த பொட்டலில் ஒரு குழந்தைகூட அழவில்லை. பொன்னுத்தங்கத்துக்கு நெஞ்சுக்குழியில் ஏதோ எழும்பி வந்தது. அந்த நேரத்தில் காசிராஜனுக்குப் புரையேறியது.

சாதாரண இருமல் இல்லை. காராச்சேவின் மிளகுத்தூள் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. கண் பிதுங்கி, கையை ஆட்டிக்கொண்டு, பழைய மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்புகிற மாதிரி இருமினான். பொன்னுத்தங்கம் அவன் உச்சந்தலையில் படபடவென்று தட்டி, அந்த நிசப்தத்துக்கு நடுவில், “ஏங்க, மெல்லத் தின்னா என்ன, யாரும் புடுங்கவா போறாக?” என்று கேட்டாள். மைதானம் முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. அவள் யாரிடமோ தண்ணீர் பாட்டில் வாங்கி அவனைக் குடிக்க வைத்து, முதுகை நீவிவிட்டு நிமிர்ந்தபோது மேடையில் வேறு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு கொஞ்ச நாள் அவள் அவனோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது அவனுக்குப் பழக்கம் என்பதால் அந்தத் தண்டனை அவனுக்கு உறைக்கவும் இல்லை. தண்ணிக் குழாயடியில் பெண்களிடம் அவள் சொன்னதெல்லாம் ஒன்றுதான். சண்டை புருஷனோடு இல்லை. அந்த நிறுத்தத்தைப் பாதி கேட்டேன், மீதி கேட்கவில்லை. சாப்பாட்டில் பாதியில் இலையை எடுத்த மாதிரி இருக்கிறது.

பங்குனி மாதம் கம்பெனியே விழாவை விசிடியாகப் போட்டு வெளியிட்டது. மூன்று நாளுக்கும் சேர்த்து ஒரு பெட்டி. அரசாங்கம் கொடுத்த கலர் டிவி வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பொன்னுத்தங்கம் தன் போனஸில் ஒரு விசிடி பிளேயர் வாங்கினாள். அந்த நிறுத்தத்தை முழுசாகக் கேட்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நோக்கம் இல்லை. ஆனால் திருத்தங்கலில் பிளேயர் வாங்கினால் தனியாகப் பார்க்க முடியாது. சாயங்காலம் தெருவே வந்துவிட்டது.

சங்கிலிமுத்து பேட்ஜைக் குத்திக்கொண்டு, விசிலோடு வாசலில் வந்து நின்றான். பொட்டலில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்களோ அதே வரிசையில்தான் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் திருவிழா பார்த்த மாதிரி இருக்காது என்று அவன் சொன்னதை எல்லாரும் நியாயம் என்று ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு நாற்காலியில் இருந்தவர்கள் கட்டிலில் உட்கார்ந்தார்கள். ஜமுக்காளத்துக்காரர்கள் தரையில். பின்வரிசைக்காரர்கள் தெருவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். விழாவுக்கே போகாத ஒரு அம்மாவை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல், கடைசியில் பொட்டலுக்கு வெளியே இருந்ததாகக் கணக்கு வைத்து எதிர்வீட்டு மாடிப்படியில் உட்கார வைத்தான். அந்த அம்மாவும் மறுபேச்சுப் பேசவில்லை. அங்கிருந்து பார்த்தால் படம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். நிஜத்திலும் அப்படித்தானே இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

டிவியில் சிறப்பு விருந்தினர் பேச எழுந்ததும் அறையில் இருந்த ஆண்களெல்லாம் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். அன்றைக்கும் போனார்கள் அல்லவா? பேச்சு முடிகிற நேரம் கச்சிதமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பொன்னுத்தங்கம் டிவிக்கு நேர் எதிரே, காசிராஜனை அருகில் வைத்துக்கொண்டு இருந்தாள். வீட்டில் தின்பண்டம் எதுவும் இல்லை என்பதை முன்பே உறுதி செய்திருந்தாள்.

அக்கரைப் பாட்டு வந்தது. குரல் ஏறி ஏறி உச்சிக்குப் போனது. கிருபாவதி வாயை மூடிய அந்தக் கணத்தில் கேமரா அவளை விட்டுத் திரும்பியது. திரையில் காசிராஜனின் முகம் வந்தது. கண் பிதுங்கியிருந்தது. முகத்தைச் சுற்றி ரோஜா நிறத்தில் ஒரு இதய வடிவம் தோன்றியது. மேலேயிருந்து பூ கொட்டியது. இதயத்துக்குள் காசிராஜன் இருமினான். பொன்னுத்தங்கத்தின் கை உள்ளே வந்து அவன் தலையில் தட்டியது. “ஏங்க, மெல்லத் தின்னா என்ன, யாரும் புடுங்கவா போறாக?” என்று டிவி கேட்டது. இரண்டு அன்னப் பறவைகள் மூலையிலிருந்து நீந்தி வந்து சேர்ந்துகொண்டன. கிருபாவதி மறுபடி திரையில் வந்தபோது பாட்டு முடிந்து அவளுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

 ஜன்னலுக்கு வெளியிலிருந்து யாரோ, “ஒன்ஸ் மோர்” என்றார்கள். மேடையில் கேட்டால் பாடகி செய்வாள், செய்யாமலும் போவாள். இங்கே ரிமோட் சங்கிலிமுத்து கையில் இருந்தது. அவன் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. அந்தச் சாயங்காலம் காசிராஜனுக்கு எத்தனை தடவை புரையேறியது என்பது யாருக்கும் நினைவில்லை.

மறுநாள் பொன்னுத்தங்கம் விருதுநகருக்குப் பஸ் ஏறினாள். விழாவைப் படம் பிடித்த அப்துல் ஹலீமின் ஸ்டுடியோ அங்கே பஜாருக்குப் பின்னால் இருந்தது. ஹலீம் கல்யாண வீடியோ எடுப்பவர். அவர் மனைவி சுலைகா உள்ளே உட்கார்ந்து ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தாள். வந்தவளை அடையாளம் கண்டதும் சுலைகா பசையை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். வீடியோவில் பார்த்தவளே நேரில் வந்திருப்பதை நம்ப முடியாதவள் போல, டீ போடும்போதுகூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பாடகி பாட்டை நிறுத்தியபோது கேமராவை ஏன் திருப்பினீர்கள் என்று பொன்னுத்தங்கம் கேட்டாள். ஹலீம் அதை மறைக்கவில்லை. இத்தனை வருஷம் கல்யாணத்துக்கு எடுத்துப் பழகிய கை இது, புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் தானாகவே அங்கே போய்விடுகிறது என்றார். இதயமும் அன்னப் பறவையும் கம்ப்யூட்டரில் இருக்கிறவை. ஜோடி வந்தால் போட்டுவிடுவது வழக்கம். வேறு கேமரா இல்லை. சத்தமும் அந்தக் கேமராவில் இருந்த மைக்கில் பதிந்ததுதான்.

“படம் எப்படியும் இருந்துட்டுப் போகட்டும் பாய். அந்த இருமலை மட்டும் எடுத்துட்டுக் குடுங்க. எனக்குக் காதுக்குக் கேட்டாப் போதும்” என்றாள் அவள்.

ஹலீம் யோசித்தார். கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் யாராவது தும்மினால் அவர் ஒரு வேலை செய்வதுண்டு. அதையே செய்து தருகிறேன், காசு வேண்டாம் என்றார். நாலு நாள் கழித்துப் போய் வாங்கி வந்த விசிடித் தட்டை அவள் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தாள். கிருபாவதி கூப்பிட்டாள். குரல் ஏறியது. நின்றது. இருமல் கேட்கவில்லை. அந்த இடம் முழுவதும் கெட்டிமேளம் கொட்டியது.

அவள் ஹலீமைக் குறை சொல்லவில்லை. அவர் தனக்குத் தெரிந்த நல்லதைச் செய்திருந்தார். ஆனால் தட்டை வெளியே எடுத்துக் கொல்லைப்புற மாமரத்தில் குருவி விரட்டக் கட்டித் தொங்கவிட்டாள்.

அதற்குள் விஷயம் அவள் கையை மீறிப் போயிருந்தது. விசிடி பெட்டியில் மூன்று நாள் விழா இருந்தாலும் கடைக்காரர்கள் அந்த ஒரு பாட்டை மட்டும் தனியாகப் பதிந்து விற்க ஆரம்பித்தார்கள். சாத்தூர், சிவகாசி பஸ்களில் யாருக்காவது இருமல் வந்தால் பின்சீட்டிலிருந்து “யாரும் புடுங்கவா போறாக” என்று ஒரு குரல் வரும். கம்பெனியில் பேச்சுக்கூடக் கூடாத ஷெட்டில், ஃபோர்மேன் முதுகைத் திருப்பியதும் ஒரு இருமல் கேட்கும். திரும்பிப் பார்த்தால் எல்லாரும் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஆலங்குளம் சிமென்ட் ஆலையிலிருந்து நான்கு பேர் இரண்டு பைக்கில் காசிராஜனைப் பார்ப்பதற்காகவே வந்தார்கள். ஒரு தடவை இருமிக் காட்டச் சொல்லிப் பணிவாகக் கேட்டார்கள். வரவில்லை என்று அவன் தலையை ஆட்டினான். அதனால் என்ன என்று கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துவிட்டு, வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டுப் போனார்கள்.

காசிராஜன் இதற்கெல்லாம் கோபப்படவில்லை. வெட்கப்படவும் இல்லை. ஆனால் சாப்பிடும் முறை மாறிவிட்டது. ஊரே மெல்லத் தின்னச் சொன்னதாலோ என்னவோ, ஒவ்வொரு கவளத்தையும் மாவாகும் வரை மென்றான். மத்தியானச் சோற்றை அவன் முடிப்பதற்குள் கம்பெனியில் மறுபடி வேலை ஆரம்பித்திருக்கும்.

அடுத்த தை பிறந்தபோது கிருபாவதி சிவகாசிக்குக் கச்சேரிக்கு வந்தாள். அடையாளம் கண்டு கூட்டம் கூடிவிடும் என்று பொன்னுத்தங்கம் போகவில்லை. போய் வந்தவர்கள் வந்து சொன்னார்கள். அக்கரைப் பாட்டில் பாடகி உச்சியில் நிறுத்தியதும் மைதானம் முழுக்க, ஆணும் பெண்ணும், ஒரே நேரத்தில் இருமினார்களாம். பெண்கள் பக்கத்திலிருந்து மட்டும் அந்தக் கேள்வி ஒரே குரலில் வந்ததாம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கிருபாவதி மைக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

மறுநாள் காலை ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. இறங்கியது கிருபாவதி. டிவியில் தெரிந்ததைவிட உயரம் குறைவு. முடியை அள்ளிச் சொருகியிருந்தாள். பொன்னுத்தங்கம் ஓடிப்போய்க் கட்டிலைத் தட்டி விரித்தாள். சங்கிலிமுத்து தகவல் தெரிந்து பேட்ஜைத் தேடிக் குத்திக்கொண்டு வந்து வாசலில் நின்று தெருக்காரர்களை நிறுத்தினான். காசிராஜன் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தான். பாடகி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணன் நீங்கதானா?” என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

அவள் திட்டுவாள் என்று பொன்னுத்தங்கம் காத்திருந்தாள். திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தன் கஷ்டத்தைச் சொன்னாள். போகிற ஊரிலெல்லாம் இதே கதை. கோவில்பட்டியில் இருமினார்கள், அருப்புக்கோட்டையில் இருமினார்கள். பாட்டை விட்டுவிடலாம் என்றால் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். இப்போது காரியாபட்டியில் ஒரு பருத்தி வியாபாரி தன் மகன் கல்யாணத்துக்குக் கச்சேரி வைத்திருக்கிறார். ஊர்க்காரர்கள் இருமுவது வேண்டாம், அசல் ஆள் மேடையில் வந்து இரும வேண்டும், அவரைக் கூட்டி வந்தால்தான் கச்சேரி என்று சொல்லிவிட்டார். அசல் ஆள் இருமினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்கள் என்று அவளுக்கும் ஒரு நம்பிக்கை. அதனால் அண்ணன் வர வேண்டும்.

காசிராஜன் மனைவியைப் பார்த்தான். அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அவுகளை அனுப்பி வைக்கேன் தாயி. அதுக்கு முந்தி ஒரு வேண்டுதல். அந்தப் பாட்டை இங்கன ஒரு தடவை பாடுவீகளா? யாரும் இரும மாட்டாக. நான் பாத்துக்கிடுதேன்.”

கிருபாவதி சரி என்றாள். பொன்னுத்தங்கம் முன்வாசல், கொல்லைக் கதவு இரண்டையும் சாத்தினாள். புருஷனை வாயைத் துண்டால் பொத்திக்கொள்ளச் சொன்னாள். வெளியே சங்கிலிமுத்து தெருவை அடக்கினான். கிருபாவதி கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுப் பாடினாள். மைக் இல்லாத குரல் அந்தச் சின்ன அறையில் கூரையைத் தொட்டது. கூப்பிட்டாள், ஏறினாள், உச்சிக்குப் போனாள், நின்றாள். பொன்னுத்தங்கம் மூச்சை இழுத்தாள். விடுவதற்குள் கிருபாவதி தாழ்ந்த குரலில் முதல் வரியை எடுத்துவிட்டாள்.

பாட்டு முடிந்தது. பொன்னுத்தங்கம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“அம்புட்டுத்தானா?” என்றாள்.

கிருபாவதிக்குப் புரியவில்லை. அந்த நிறுத்தம் இவ்வளவுதானா, பொட்டலில் எவ்வளவு நேரம் இருந்தது, நெஞ்சுக்குள் ஒன்று எழும்பி வருகிற அளவுக்கு நேரம் இருந்ததே என்று பொன்னுத்தங்கம் சொன்னாள். பாடகி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாள்.

“அக்கா, அந்தப் பாட்டுல நிறுத்தம் எப்பவும் இவ்வளவுதான். ஒரு மூச்சு எடுக்கிற நேரம். அன்னைக்கு நான் நிறுத்துறதுக்கு முன்னாடியே அண்ணன் கண்ணு பிதுங்கிருச்சு. மேடையிலருந்து எனக்கு நேரே தெரியுது. ஏதோ ஆகப்போகுதுன்னு பயந்து எடுக்காம நின்னுட்டேன். இருமி முடிக்கட்டும்னு காத்திருந்தேன். அதான் அவ்வளவு நேரம்.”

ஒரு வருஷமாகப் புருஷன் கெடுத்ததாக அவள் சொல்லிவந்த அந்த நிசப்தம் புருஷனால் வந்தது. அவன் இருமாமல் இருந்திருந்தால் அதில் பாதிகூட அவளுக்குக் கிடைத்திருக்காது. காசிராஜன் வாயிலிருந்து துண்டை எடுக்கலாமா என்று கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். பாடகிக்கு முட்டை பொரித்துச் சோறு போட்டாள். காரியாபட்டிக்குத் தானும் வருவதாகச் சொன்னாள்.

கல்யாணத்துக்கு இருந்த நாட்களில் இருமல் பழக்க வேண்டிய பொறுப்பைச் சங்கிலிமுத்து எடுத்துக்கொண்டான். விசிடியைப் போட்டுக் காட்டி, முதல் இருமலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். காசிராஜன் முயற்சி செய்தான். தொண்டையைக் கனைப்பது போல ஒரு சத்தம் வந்தது. இது எதிரில் வருகிற பெரிய மனுஷனுக்குச் செய்கிற இருமல், நமக்கு வேண்டியது வேறு என்று சங்கிலிமுத்து திருத்தினான். நகல் எடுத்து இருமுகிற தெருப் பிள்ளைகள் எல்லாரும் காசிராஜனைவிட நன்றாக இருமினார்கள். கடைசியில் சரக்கு இருந்தால்தான் வரும் என்று முடிவுசெய்து, சாத்தூருக்கு ஆள் அனுப்பி அதே கடைக் காராச்சேவு வாங்கி வைத்தார்கள்.

காரியாபட்டி மண்டபத்தில் காலையில் முகூர்த்தம் முடிந்து, பந்திக்கு முன்பாகக் கச்சேரி. மேடையில் பாடகிக்குப் பக்கத்தில் காசிராஜனுக்கு ஒரு நாற்காலி, ஒரு மைக், தட்டில் காராச்சேவு. புது வேட்டி கட்டியிருந்தான். மணமகனின் அப்பா அவனுக்கு மாலை போட்டுக் கையைக் குலுக்கினார். அந்தக் கல்யாணத்துக்கும் வீடியோ அப்துல் ஹலீம்தான். அவர் காசிராஜனைப் பார்த்ததும் வாய் நிறையச் சலாம் சொன்னார். பொன்னுத்தங்கத்தை முன்வரிசையில் பெண்ணின் தாயாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

அக்கரைப் பாட்டு ஆரம்பித்ததும் மண்டபத்தில் இலை போட்டுக்கொண்டிருந்த சமையல்காரர்கள்கூட வாசலில் வந்து நின்றார்கள். கிருபாவதி கூப்பிடத் தொடங்கினாள். காசிராஜன் ஒரு பிடி காராச்சேவை அள்ளி வாயில் போட்டான். குரல் ஏறியது. அவன் மென்றான். இன்னும் ஏறியது. இன்னொரு பிடி போட்டான். உச்சியில் போய் அவள் நிறுத்தினாள். மேளம் நின்றது. எல்லாரும் காசிராஜனைப் பார்த்தார்கள்.

அவன் மென்றுகொண்டிருந்தான். நெற்றியில் வியர்வை வழிந்தது. வாயில் இருந்ததை முழுசாக விழுங்கப் பார்த்தான். ஒரு வருஷப் பழக்கத்தில் தாடை கேட்கவில்லை, தானாகவே அரைத்தது. மிளகு, மாவு, எல்லாம் நல்லபடியாக, எந்தத் தொந்தரவும் இல்லாமல் தொண்டையில் இறங்கியது. கிருபாவதி அவனைப் பார்த்தபடி காத்திருந்தாள். மைக் முன்னால் இருந்ததால் அவன் மெல்லுகிற சத்தம் மட்டும் சன்னமாகக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

மண்டபத்தில் யாரும் அசையவில்லை. அசல் இருமலுக்கு இடம் விட்டு எல்லாரும் தங்கள் இருமலை அடக்கிக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. காசிராஜன் மேடையிலிருந்து பொன்னுத்தங்கத்தைப் பார்த்தான். என்ன செய்ய என்று கேட்பது போல இருந்தது. அவள் அவனைப் பார்த்தாள். போன வருஷம் பாதியில் நின்றது மறுபடியும் நெஞ்சுக்குழியிலிருந்து எழும்பியது. இந்தத் தடவை யாரும் அதைத் தடுக்கவில்லை. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பக்கத்திலிருந்த சம்பந்தியம்மாள் என்ன ஏது என்று தெரியாமல் அவள் முதுகைத் தடவினாள். இனிமேலும் நிற்க முடியாது என்று ஆன பிறகு கிருபாவதி தாழ்ந்த குரலில் முதல் வரியை எடுத்தாள்.

கைதட்டல் பெரிதாக இல்லை. மணமகனின் அப்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அசல் ஆளைக் கூட்டி வந்தும் பிரயோஜனம் இல்லையே, எங்கள் ஊர்க்காரன் ஒருத்தனை விட்டிருந்தாலும் இருமியிருப்பானே என்று பந்தி பரிமாறுகிற இடத்தில் நின்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் பாயசம் இரண்டு தடவை ஊற்றச் சொன்னார். ஹலீம் இலைக்கு எதிரே வந்து நின்று, இன்றைக்குக் கேமரா சரியாக இருந்தது, ஆனால் உங்கள் மனைவி அழுவதைப் பார்த்ததும் கை அங்கே போய்விட்டது, பாட்டு முழுக்க அந்த அம்மாதான் என்று காசிராஜனிடம் வருத்தம் தெரிவித்தார். பூ போட்டிருக்கிறீர்களா என்று பொன்னுத்தங்கம் கேட்டாள். இன்னும் இல்லை என்றார். போடுங்க பாய் என்றாள்.

பந்தியில் கிருபாவதி அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன் அண்ணே இருமவில்லை என்று கேட்டாள். அவன் வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கும் வரை அவள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

“வரலை தாயி. எம்புட்டோ பாத்தேன். ஒரு வருசமா ஊரே மெல்லத் தின்னு மெல்லத் தின்னுன்னு சொல்லுது. பல்லு பழகிருச்சு” என்றான். அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசிப் பொன்னுத்தங்கம் கேட்டதில்லை.

கிருபாவதி சிரித்துக்கொண்டே, அடுத்த மாதம் தென்காசிப் பக்கம் ஒரு கொடை இருக்கிறது, நீங்கள் இருமவும் வேண்டாம், தின்னவும் வேண்டாம், சும்மா மேடையில் வந்து உட்கார்ந்திருங்கள், நீங்கள் இருந்தால் மற்றவன் எவனும் இரும மாட்டான், எனக்கும் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாட முடிகிறது என்றாள்.

பொன்னுத்தங்கம் மோரை ஊற்றிக்கொண்டே யோசித்தாள். புது ஆர்டர் வந்து ஷெட்டில் வேலை நிறைய இருக்கிறது, லீவு கேட்டால் ஃபோர்மேன் குதிப்பார் என்றாள். கேட்டுப் பார்க்கிறேன் என்றும் சொன்னாள். பிறகு மல்லாங்கிணறு வழியாகப் போகிற மத்தியான பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று புருஷனை அவசரப்படுத்தினாள். அவன் இலையில் இன்னும் பாதிச் சோறு இருந்தது.